செயின் தொங்கத்தான் வேண்டும்

பெரியகல்லாறு
2025 ஜூன் 18

பஹ்மிக்கு,

பழக்கத்தில் ‘மச்சான்’ என்று தொடங்கிவிட்டு வெட்டியிருக்கிறேன், பார்த்திருப்பாய். உன்னுடைய நம்பரை போனில் அடைத்துவிட்டேன். கதைத்தால் தூஷணம்தான் வரும். எழுதினால் கொஞ்சம் நிதானம் வரும் என்று அம்மா சொன்னா. வருகிறதா என்று பார்ப்போம்.

இடது பக்கக் காறை எலும்பு முறிந்திருக்கிறது. கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். படுத்தால் நோவு, எழும்பினால் அதைவிட நோவு, சட்டை போட ஏலாது. உன்னைத் திட்டுவதற்கு வலது கை மிச்சமிருக்கிறது, அது போதும்.

இதோடு வருகிற அரிசிப் பைக்குள் என்னுடைய சைக்கிள் செயினும், பின்சில்லடியில் செயினை ஒரு பல்லுச் சக்கரத்திலிருந்து மற்றதற்குத் தள்ளிக் கொடுக்கிற அந்த நீளக் கையும் இருக்கின்றன. கை என்று சொல்வதற்கு இப்போது அதில் ஒன்றும் இல்லை, பிழிந்த தகரம். நீதான் கொழும்பிலிருந்து எடுப்பித்தாய். உன்னுடைய வீட்டு முற்றத்தில் வைத்து நீதான் பூட்டினாய். உனக்கே வைத்துக்கொள்.

தெரிவுப் போட்டியன்று பதினெட்டு வளைவு மலைப் பாதையில் நடந்ததை நீ பின்னால் இருந்து பார்த்தாய். முன்னால் இருந்தவன் எப்படிப் பார்த்தான் என்று சொல்கிறேன், கேள். இரண்டாவது வளைவில் ஏற்றம் கூடியது. முன்னுக்குப் பெரிய பல்லிலேயே மிதித்துக்கொண்டிருந்தேன். பின்னுக்கு, நீ பெருமையடித்த அந்த முப்பத்திநாலு பல்லுக்கு மாற்றினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். அந்தக் கை அப்படியே பிய்ந்து கம்பிகளுக்குள் போய்ச் சிக்க, பின்சில்லு பூட்டுப் போட்டது போல நின்றுவிட்டது. நான் எங்கே விழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. தாருக்குப் பக்கத்தில் கன்னம் கிடந்தது மட்டும் நினைவிருக்கிறது. அப்போது ஒரு சைக்கிள் என்னைக் கடந்து போனது. கண்ணைத் திறந்து பார்த்தேன். நீ.

நிற்கவில்லை நீ.

நம்முடைய சைக்கிள் கழகத்திலிருந்து தேசியப் போட்டிக்கு ஒருவனுக்குத்தான் இடம். அது எனக்கு என்று எல்லோருக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இப்போது பலகையில் உன் பெயர் ஒட்டியிருக்கிறது.

பழைய கியரே போதும் என்று நான் சொன்னேனா இல்லையா? ஆரம்பகாரன் சைக்கிள்தானே, இருபத்தெட்டுப் பல்லோடேயே ஏறுகிறேன் என்றேன். “மலைக்கு அது காணாது, நான் மாத்தித் தாறன்” என்றது நீ. செயினை அளந்ததும் வெட்டியதும் நீ. வேறு ஒருவரும் தொடவில்லை. செயின் கட்டை. பெரிய பல்லு இரண்டிலும் ஒரே நேரத்தில் ஏறுவதற்கு அதன் நீளம் காணாது என்று கழகத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். உன்னிடம் ஒரே ஒரு கேள்விதான் எனக்கு. தெரிந்து வெட்டினாயா, தெரியாமல் வெட்டினாயா?

அப்பா முதலே சொன்னவர், உங்கட ஆக்களை நம்பேலாது எண்டு. நான்தான் உனக்காக அவரோடு சண்டை பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுமொழி வராவிட்டால் கழகத்து மாஸ்டரிடம் எழுதிக் கொடுப்பேன்.

டிலக்சன்


காத்தான்குடி
2025 ஜூன் 22

டிலக்சன்,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு மறுநாள் மாமாவின் துணிக்கடைக்குப் போனேன். சாரன் கேட்டு வந்த மனிதருக்குப் பாவாடைத் துணி இரண்டு கெஜம் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். மாமா ஏசியபிறகுதான் தெரிந்தது. கை வெட்டுகிறது, தலை வேறு எங்கேயோ நிற்கிறது.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், எனக்கு அப்படித்தான் வரும்.

நிற்கவில்லை என்பது உண்மை. விழுந்ததைக் கண்டேன். திரும்பிப் பார்த்தேன், பின்னால் வந்த கழக வான் வண்டி உனக்குப் பக்கத்தில் நின்றது, மாஸ்டர் குதித்து இறங்கினார். ஆள் இருக்கிறது என்று மனம் சொன்னது, கால் மிதித்தது. உச்சிக்குப் போய் இறங்கிய பிறகுதான் எலும்பு என்றார்கள். பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை எனக்கு. இதற்கு என்னிடம் சாட்டு இல்லை. நீ எவ்வளவு ஏசினாலும் கேட்பேன்.

ஆனால் செயினை நான் கட்டையாக வெட்டவில்லை. முன்னுக்குப் பெரிய பல்லையும் பின்னுக்குப் பெரிய பல்லையும் சுற்றி அளந்து, அதற்கு மேல் ஒரு கண்ணி கூட விட்டுத்தான் வெட்டினேன். சைக்கிளைக் கொளுவித் தொங்கவிட்டுக் கையால் மிதியைச் சுற்றிப் பார்த்தோமே, நீதானே கியரை மாற்றினாய்? முப்பத்திநாலில் ஏறியதா இல்லையா? ஏறியது. நீ கைதட்டினாய். தங்கச்சி இன்ஷிராவும் சாட்சி.

ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்கிறேன். றோட்டில் அந்தப் பல்லை நாங்கள் போட்டுப் பார்க்கவே இல்லை. எங்கே போடுவது? நம்முடைய ஊரில் மலை என்றால் கல்லடிப் பாலம். அதில் ஏற முப்பத்திநாலு எதற்கு, ஐஸ்பழக்காரன் ஒரு கியருமில்லாமல் பெட்டியோடு ஏறுகிறான். வாவியைச் சுற்றி எத்தனை மைல் ஓடினாலும் சின்னப் பல்லுதான், எதிரே கச்சான் காற்றுதான். தட்டையான ஊரில் பிறந்தவர்கள் மலைக்குச் சைக்கிள் பூட்டினால் இப்படித்தான் குருட்டுத்தனமாகப் பூட்டுவோம் போலிருக்கிறது.

இனி மற்றது.

‘உங்கட ஆக்கள்.’

இதை நீயா எழுதினாய் என்று உன்னுடைய கையெழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ‘ட’வின் வால் உன்னுடையதுதான். நீ விழுந்தது பதினைந்தாம் தேதி. ஏழாம் தேதி ஹஜ்ஜுப் பெருநாள். எங்கள் வீட்டில் மாடு என்று உனக்கு வேறு சட்டி வைத்து, வேறு அகப்பை போட்டு, கோழி காய்ச்சினது உம்மா. உன்னுடைய சட்டியை வேறு ஒருவரும் தொடவில்லை, நான் கேட்டும் தரவில்லை. அந்தச் சோறு செமிக்கிறதுக்குள் நாங்கள் ‘ஆக்கள்’ ஆகிவிட்டோமா?

கோபத்தில் என்னைக் கள்ளன் என்று எழுதியிருந்தால் சிரித்திருப்பேன். கொலைகாரன் என்றாலும் தாங்கியிருப்பேன். அதெல்லாம் என்னைச் சொல்வது. இது என்னைச் சொல்வது இல்லையே.

பையை நான் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டேன். மாஸ்டரிடம் எதையாவது எழுதிக் கொடு.

பஹ்மி


காத்தான்குடி
2025 ஜூன் 23

டிலக்சன்,

திறக்க மாட்டேன் என்றவன் திறந்துவிட்டேன். கட்டிலுக்குக் கீழே அந்தப் பை கிடக்க எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதைக் கவனமாக வாசி. நான் செயினைச் சேர்த்தது ஒரே ஒரு இடத்தில். அதற்கு ஆணி இல்லை, கையால் அழுத்திப் பூட்டுகிற கொளுவிக் கண்ணி, நிறமும் கொஞ்சம் மஞ்சள். அது அப்படியே இருக்கிறது. ஆனால் அதிலிருந்து ஒரு முழம் தள்ளி இன்னொரு சேர்வை இருக்கிறது. அது சுத்தியலால் அடித்துச் சேர்த்தது. ஆணியின் தலை நசுங்கி, பக்கத் தகட்டில் சுத்தியல் வழுக்கிய காயம் தெரிகிறது. அந்தக் கண்ணி மடிய மறுக்கிறது. எனக்குச் சுத்தியலால் செயின் சேர்க்கவே தெரியாது, நான் கட்டர் இல்லாமல் தொடுகிறவன் இல்லை என்று நீயே பகிடி பண்ணுகிறவன்.

செயினை நீட்டி அளந்தும் பார்த்தேன். நான் விட்டதைவிட நாலு விரல் குறைகிறது. எண்ணெயும் நான் போட்டது இல்லை. தேங்காய் எண்ணெய் மணக்கிறது.

நான் சைக்கிளைக் கொண்டுவந்து உன் வீட்டில் விட்டபிறகு யாரோ இந்தச் செயினைத் திறந்து, வெட்டி, திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். உன்னுடைய வீட்டு முற்றத்தில். யார் என்று எனக்குத் தெரியாது. சொல்ல எனக்கு விருப்பமும் இல்லை.

செயின் இதோடு திரும்பி வருகிறது. நீயே பார்.

பஹ்மி


பெரியகல்லாறு
2025 ஜூன் 30

மச்சான்,

இந்தமுறை வெட்டவில்லை. நீ வெட்டச் சொன்னால் வெட்டுகிறேன்.

முதலில் கேவலத்தைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு வரைக்கும் பொறுப்பேன் என்று உனக்கு எழுதினேன், பொறுக்கவில்லை. உனக்குக் கடிதம் போட்ட அடுத்த நாளே மாஸ்டரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ‘தெரிந்தே வெட்டினான்’ என்று எழுதியிருக்கிறேன். அது அவர் கையில் இருக்கிறது. ஆறாம் தேதி கழகக் கூட்டத்தில் எடுக்கிறாராம்.

உன்னுடைய இரண்டாவது கடிதம் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிடிபட்டவன் கதை விடுகிறான் என்று நினைத்தேன். குசினிக்குள் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. நக்கலுக்கு அவவுக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். சுத்தியல், நசுங்கின ஆணி, தேங்காய் எண்ணெய் என்று வாசிக்க வாசிக்கத் துருவுகிற சத்தம் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அம்மா அழுகிறா.

“என்னம்மா?” என்றேன். வாசல் பக்கம் பார்த்தா.

வாசல் வேம்பில் அப்பா தராசைக் கட்டி மணலை மீன் நிறுத்துக்கொண்டிருந்தார், சுற்றிவரச் சனம். முப்பது வருடமாகச் சைக்கிளில் கொண்டு போய் மீன் விற்ற மனிதர், முழங்கால் நோவு வந்தபிறகு வாசலிலேயே விற்கிறார், உனக்குத் தெரியும். கிளைக்கும் தராசுக் கொளுக்கிக்கும் நடுவே ஒரு துண்டுச் செயின். நாலு விரல் நீளம். மெல்லிய செயின், மினுங்குகிறது. அப்பாவின் பழைய சைக்கிள் செயின் அதைவிட இரண்டு மடங்கு தடிப்பு.

இரண்டு கிழமைக்கு மேலாக அது என்னுடைய கண்ணுக்கு முன்னால் தொங்கியிருக்கிறது பஹ்மி. நான் அதற்குக் கீழே கதிரை போட்டிருந்து உன்னை ஏசியிருக்கிறேன்.

சனம் போகுமட்டும் நின்றேன். பிறகு செயினைக் காட்டி “இது ஏது அப்பா?” என்று கேட்டேன். அவர் தராசுத் தட்டைக் கழுவினார். கழுவினதையே திரும்பவும் கழுவினார். அம்மா பின்னால் வந்து நின்று, “சொல்லுங்க. இன்னும் எத்தின நாளைக்கு?” என்றா. அவவுக்கும் தெரியும்! சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றதே அவதான்.

அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “செயின் தொங்கிக் கிடந்திச்சு மனே. தொங்குற செயின் ஏத்தத்தில கழரும். நீ மலையில விழுந்திருவாய் எண்டு பயந்து வெட்டினனான்.”

நான் விழக்கூடாது என்று வெட்டியிருக்கிறார். சுவரில் போய் முட்டலாம் போலிருந்தது, அதற்கும் தோள் விடாது.

போட்டிக்கு முந்தின வியாழக்கிழமை நடந்திருக்கிறது. அடுத்த நாள் களுவாஞ்சிக்குடி வரைக்கும் ஓடிவிட்டு வந்து, “சைக்கிள் இப்ப சத்தமே இல்ல அப்பா, பஹ்மி நல்லாத்தான் பூட்டியிருக்கான்” என்று நான் சொல்லியிருக்கிறேன். அவருக்கு எவ்வளவு சந்தோஷம் வந்திருக்கும் பார். தட்டையான றோட்டில் அது நல்லாகத்தானே ஓடும்!

கையைக் கட்டிக்கொண்டு நான் வானால் இறங்கியபோதே அவருக்கு விளங்கிவிட்டதாம். வாய் வரவில்லையாம். ஊர்ச்சனம் வந்து கேட்க, “காத்தான்குடிப் பொடியன் பூட்டினது” என்று மட்டும் சொன்னாராம். அது பொய்யில்லை. மிச்சத்தை ஊர் சொன்னது. ஊரோடு சேர்ந்து நானும் சொன்னேன்.

மாஸ்டரிடம் வந்து சொல்லுங்கள் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டுவிட்டேன். ஏலாது என்கிறார். “மகன்ர எலும்ப உடைச்சவன் எண்டு இந்த ஊருக்குள்ள நான் எப்பிடி நடக்கிற?” என்கிறார். நான் தனியே போய் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போன கிழமை ஒன்று எழுதினாய், இந்தக் கிழமை ஒன்று சொல்கிறாய், கூட்டாளிக்காக அப்பாவை மாட்டுகிறாயா என்று கேட்டார். நம்பவில்லை அவர். நான் எழுதிக் கொடுத்ததைத் திருப்பித் தரவும் இல்லை.

என்னை மன்னித்துக்கொள் என்று எழுதக் கை வருகுது இல்லை, அவ்வளவு வெட்கம். ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

டிலக்சன்


காத்தான்குடி
2025 ஜூலை 7

டிலக்சன்,

போன வியாழக்கிழமை மாஸ்டர் வந்து கழகச் சட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கூட்டம் முடியுமட்டும் என்றார். றோட்டிலே நின்று, எல்லோரும் பார்க்க. உன் கடிதம் அதற்கு அடுத்த நாள்தான் கையில் கிடைத்தது. வாசித்துவிட்டுக் கொதிக்கவும் ஏலவில்லை, அழவும் ஏலவில்லை. உன் அப்பாவா! எனக்குத் தன்னுடைய கையால் முள் எடுத்து மீன் தின்னத் தந்த மனிதர்.

சனிக்கிழமை பின்னேரம் கடையில் நல்ல சனம். ஒரு கல்யாண வீட்டுக்காரருக்குச் சாறி விரித்துக்கொண்டிருக்கிறேன். தலையை நிமிர்த்தினால் வாசலில் உன் அப்பா, அழகரத்தினம் அங்கிள். தனியே பஸ்ஸில் வந்திருக்கிறார், வெள்ளைச் சட்டை, கோயிலுக்குப் போகிற மாதிரி. செருப்பை வெளியே கழற்றிவிட்டார். கடைக்கு யார் செருப்பைக் கழற்றுகிறார்கள்? உனக்குத்தான் என்னவோ என்று பயந்துவிட்டேன்.

வந்து சட்டைப்பையில் இருந்து அந்தச் செயின் துண்டை எடுத்து, விரித்துக் கிடந்த சாறிக்கு மேலே வைத்தார். மாமா, கல்யாண வீட்டுக்காரர், கடைப் பொடியன்கள் எல்லோரும் பார்க்க, உரத்த குரலில் சொன்னார்: “செயின வெட்டினது நான். இந்தத் தம்பி இல்ல. என்ர மகன்ர எலும்ப உடைச்சது நான்.”

கடை அப்படியே விறைத்துப் போனது. மாமாதான் ஓடிவந்து கதிரை போட்டார். அவர் இருக்கவில்லை. என் சட்டை போன கதை அவருடைய காதுக்கும் எட்டியிருந்ததாம்; மாஸ்டருக்கு போன் எடுக்கச் சொன்னார், எடுத்துக் கொடுத்தேன். அதே வசனத்தை அதே குரலில் அவருக்கும் சொன்னார். நேற்றைய கூட்டத்தில் என் சட்டை திரும்ப வந்துவிட்டது. இதெல்லாம் நீ இப்போது அறிந்திருப்பாய்.

பிறகு எனக்கு மட்டும் மெதுவாக ஒன்று சொன்னார். சைக்கிளை நான் உங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்ட அன்றைக்கு, “ஏன் தம்பி செயின் இப்பிடித் தொங்குது?” என்று என்னிடம் கேட்டாராம். நான் சிரித்துக்கொண்டு, “அது அப்பிடித்தான் அங்கிள், தொங்கத்தான் வேணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேனாம். “நீ சிரிச்சாய். எனக்கு விளங்கல்ல எண்டு சிரிக்கிறாய் எண்டு நினைச்சன். பிறகு கேக்க வெக்கமா இருந்திச்சு.” பெரிய பல்லுக்குப் போகும்போது அந்தத் தொங்கல்தான் நீளமாகக் கொடுக்கும் என்று இரண்டு நிமிடம் நின்று காட்டியிருந்தால் உன் எலும்பு முறிந்திருக்காது. அவரை நான் கட்டிப் பிடித்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் கணக்கு அதோடு முடிந்தது.

ஆனால் நான் அவரிடம் இன்னொன்றும் கேட்டேன். உன்னுடைய முதல் கடிதத்தில் இருந்ததை. “எங்கட ஆக்கள நம்பேலாது எண்டு நீங்க சொன்னீங்களா அங்கிள்?” அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. அப்படி ஒரு சொல் தன்னுடைய வாயால் வரவில்லை என்று கண்ணகை அம்மன்மேல் ஆணையிட்டார். விழுவதற்கு முன்னமும் இல்லை, பின்னமும் இல்லை.

அப்படியென்றால் அந்தச் சொல் யாருடையது டிலக்சன்?

செயினை விட இது எனக்கு அதிர்ச்சி. நீ உன் அப்பாவின் பெயரில் எனக்கு ஏசியிருக்கிறாய்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இவ்வளவு நாளும் நான் உனக்கு எழுதவில்லை. அந்தக் கடிதத்தை முதலில் உடைத்து வாசித்தது நான் இல்லை. உம்மா. நான் கடையில் நிற்க, தபால்காரர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். உன் கையெழுத்து என்றதும், நோவு எப்படியாம் என்று பார்க்க ஆசையில் உடைத்திருக்கிறா. நான் வீட்டுக்குப் போக, மடித்து என்னிடம் தந்துவிட்டு, “நம்மட டிலக்சன் எழுதினதா இது?” என்று மட்டும் கேட்டா. அன்றையிலிருந்து உன்னுடைய பெயரை அவ எடுக்கவில்லை. அதற்கு முதல் நாள் வரைக்கும் உனக்காக நோன்பு பிடித்தவ.

நீ எனக்கு எழுதிய மன்னிப்பு எனக்குக் காணும். என்னிடம் வந்து இன்னும் கேட்காதே. நான் வியாழக்கிழமை பண்டாரவளைக்குப் பயிற்சி முகாமுக்குப் போகிறேன். நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து நீ உம்மாவிடம் போ. நான் நின்றால் எனக்காக மன்னித்துவிடுவா.

பஹ்மி


பெரியகல்லாறு
2025 ஜூலை 15

மச்சான்,

முகாம் விலாசம் சரியோ தெரியாது, இன்ஷிராதான் தந்தா. அங்கே குளிராம். ஏறும்போது முன்னுக்கு எப்பவும் சின்னப் பல்லில் வைத்திரு, எனக்காக.

நீ கேட்டதற்கு மறுமொழி. அந்தச் சொல் என்னுடையதுதான். அப்பா சொல்லவில்லை. சொன்னார் என்று எழுதினால் என்னுடைய கையில் அழுக்குப் படாது என்று நினைத்திருப்பேன். எங்கிருந்து வந்தது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். பஸ்ஸில் கேட்டது, சலூனில் கேட்டது, பள்ளிக்கூடத்தில் பகிடிக்குச் சொன்னது. எனக்குள் அது இருக்கிறது என்று எனக்கே தெரியாது. விழுந்த அடியில் வெளியே வந்துவிட்டது. உண்மையாகச் சொல்கிறேன், எலும்பு முறிந்ததைவிட இதற்குத்தான் நான் பயந்துபோய் இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் உங்கள் வீட்டுக்குப் போனேன். இன்ஷிரா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டா. உம்மா மெஷினில் அபாயா தைத்துக்கொண்டிருந்தா. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது பாடமாக்கிக்கொண்டு வந்தது முழுவதும் மறந்துவிட்டது. “உம்மா” என்றேன்.

மெஷினை நிற்பாட்டினா. கோபமாகக் கேட்கவில்லை. நூல் கேட்கிற மாதிரித்தான் கேட்டா.

“அந்த ஆக்கள்ல நானும் ஒராளா மனே?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பொய். எழுதும்போது நான் யாரையும் விட்டு எழுதவில்லையே. “ஓம் உம்மா. யோசிக்காம எழுதிட்டன்” என்றேன். நின்ற நிலையிலேயே அழுதுவிட்டேன், துடைக்க ஒரு கைதான் இருக்கிறது.

உம்மா சொன்னா: “யோசிச்சு எழுதி இருந்தா கோவம் எண்டு விட்டிருப்பன். யோசிக்காம வந்திருக்கு பாரு, அதுதான் எனக்கு நோவு.”

அவ்வளவுதான். திரும்ப மெஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டா. ஒரு பக்கம் முழுவதும் தைத்து முடியுமட்டும் நின்றேன். கதிரையில் இருக்கச் சொல்லவில்லை. தேத்தண்ணி தரவில்லை. உங்கள் வீட்டில் கரண்ட் பில் கொண்டுவருகிறவனுக்கும் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பியதை நான் கண்டதில்லை. அந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் படி இறங்கின முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கேற்றைத் திறக்கும்போது உள்ளே இருந்து குரல் வந்தது. மெஷின் நிற்கவில்லை, அந்தச் சத்தத்துக்கு மேலால் சொன்னா.

“நாளைக்கும் வா.”

அடுத்த நாளும் போனேன். தேத்தண்ணி இல்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் கூட வந்தார். அவருக்குக் கதிரையும் தேத்தண்ணியும் வட்டிலப்பமும் வந்தது. அவர் குடிக்க நான் பக்கத்தில் நின்றேன். போகும்போது எனக்கு அதே வார்த்தைதான். நேற்றும் அதேதான்.

பெரியகல்லாற்றிலிருந்து உங்கள் வாசலுக்குப் பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம் எடுக்கிறது, திரும்பி வர இன்னொரு முக்கால். பின்னேரமானால் அம்மா சட்டையை எடுத்து வைக்கிறா. கடிதத்தை இதோடு முடிக்கிறேன், மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

டிலக்சன்